லோடு போட்டுப் பார்த்த மனிதர்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டும், நீ எழுது என்று நம் பேரவைச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். நூலகத்தில் உட்கார்ந்து, பிறந்தார், வளர்ந்தார், மறைந்தார் என்று மூன்று பக்கம் நிரப்பிக் கொடுத்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நான் எழுதப் போகிற மனிதரை நான் நூலகத்தில் சந்திக்கவில்லை. கருகிப் போன ஒரு மோட்டாரின் நாற்றத்தில்தான் சந்தித்தேன். அதனால் கதையை அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

போன வருஷம் மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரி விழாவில் ரிமோட் கார் பந்தயம் வைத்தார்கள். பாலிடெக்னிக் மாணவர்களும் கலந்து கொள்ளலாம் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் எங்கள் ரூமில் நாலு பேருக்கும் தலைகால் புரியவில்லை. மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு ஒரு பழைய காரை வாங்கினோம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே 540 சைஸ் என்று சொல்கிற டி.சி. மோட்டார். 36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். உருளைக்குள் இரண்டு நிரந்தரக் காந்தம், நடுவில் மூன்று துருவ ஆர்மெச்சர், பின்னால் கம்யூட்டேட்டர், இரண்டு கார்பன் பிரஷ். நாம் லேபில் பார்க்கிற பெரிய டி.சி. மோட்டாரின் பேரன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த மோட்டாரில் ஒரு வசதி உண்டு. பின்மூடியின் திருகைத் தளர்த்தி, சுழலும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பினால் பிரஷ் நிற்கும் இடம் மாறும். மோட்டார் இன்னும் வேகம் எடுக்கும். இதற்கு டைமிங் வைப்பது என்று பெயர். எவ்வளவு திருப்ப வேண்டும்? யாருக்குத் தெரியும்! முழுசாகத் திருப்பிவிட்டோம். மேஜை மேல் வைத்து பேட்டரியைக் கொடுத்தால் மோட்டார் வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று ரூமில் சண்டையே வந்துவிட்டது.

பந்தயத்தில் முதல் சுற்று நாங்கள்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் கார் தயங்கியது. மூன்றாவது சுற்றில், கூட்டம் அதிகமாக இருந்த வளைவில் பார்த்து, புகை. வார்னிஷ் எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும்தானே? அந்த நாற்றம் மைதானம் முழுக்க. எந்தக் கல்லூரி என்று ஒருவர் கேட்டார். சொன்னோம். ஓ, டிப்ளமாவா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று ராத்திரி என் ரூம்மேட் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். அவனுக்கு ஏற்கனவே நாலு அரியர். ஊரில் அப்பாவுக்கு ஒத்தாசையாகத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறேன், இந்தப் படிப்பு நமக்கு வராது பங்காளி என்றான். எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் மட்டும் பொறு என்று பெட்டியைப் பிடுங்கி வைத்தேன்.

மாமா கடைச் சுவரில் ஒரு படம்

திருமங்கலத்தில் என் தாய்மாமா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கரிசல் காட்டுக் கிணற்றில் எரிந்துபோன ஐந்து குதிரைத்திறன் மோட்டார் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். கருகிய எங்கள் குட்டி மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். கம்யூட்டேட்டர் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு பிரஷ் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து கிடந்தது.

மாமா ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டார். லோடு இல்லாமல் எத்தனை ஆம்பியர் இழுத்தது? லோடு போட்ட பிறகு எத்தனை? நான் முழித்தேன். அளக்காமலே ஓட்டினாயா மாப்ள என்று கேட்டுவிட்டு, சுவரைக் காட்டினார். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு பழைய படம். இது யார் தெரியுமா என்றார். ஏதோ பழைய அரசியல்வாதி என்று நினைத்துச் சொன்னேன். மாமாவுக்கு வந்ததே கோபம்! மாமா சின்ன வயதில் கோயம்புத்தூரில் தொழில் பழகியவர். இவரைத் தெரியாமல் மின்னியல் படிக்கிறாயா, கோயம்புத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறம்தான் காயில் கட்டித் தருவேன் என்று மோட்டாரை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

படத்தில் இருந்தவர் ஜி.டி. நாயுடு.

அடுத்த சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவை. அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கிற தொழில்நுட்பக் கண்காட்சியைப் பார்த்தேன். திரும்பி வந்து, கிடைத்ததையெல்லாம் படித்தேன். போகும்போது நான் வந்த சாலையே அவருடைய கதையில் ஒரு முக்கியமான இடம் என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. நம்மில் பல பேருக்குச் சொல்லாமலே புரியும். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. காட்டு வேலை பார்த்தார். ஆனால் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமாகவே படித்துக் கொண்டார்.

அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, வண்டி தானே ஓடுகிறது! கிராமமே வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பையன் மட்டும் போகவில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று மனதில் போட்டுக் கொண்டார்.

கோவைக்கு வந்தார். ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். டம்ளர் எடுத்து, மேஜை துடைத்து, காசு சேர்த்து, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார். வாங்கியவர் என்ன செய்தார்? நாமாக இருந்தால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருப்போம். அவர் வண்டியைப் பிரித்துப் போட்டார். நட்டு வேறு, போல்ட் வேறு. பிறகு மறுபடியும் பூட்டி ஓட்டினார். அவருக்கு அதுதான் பாடப் புத்தகம், லேப், வைவா எல்லாம். அந்த வித்தையை வைத்து மெக்கானிக் ஆனார்.

நடுவில் பருத்தித் தொழிலில் இறங்கி நல்ல பணம் பார்த்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்து, அத்தனையும் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இதையும் நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பெரிய மனிதர்களின் வரலாற்றில் நாம் மெடல்களை மட்டும் படிக்கிறோம். அவருக்கும் புகை வந்திருக்கிறது, நண்பர்களே!

பொள்ளாச்சி டு பழனி

1920. கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை, இந்த மெக்கானிக்கின் மேல் நம்பிக்கை வைத்துக் கடன் கொடுத்து உதவ, நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. நான் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்தேன் பாருங்கள், அதே உடுமலை வழிச் சாலைதான்!

அந்த ஒற்றை பஸ், சில வருஷங்களில் யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆக வளர்ந்தது. நாட்டிலேயே திறமாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. நம் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ்ஸையும் மோட்டார் தொழிலையும் வளர்த்த அதே காலம்தான் இது. பஸ் கம்பெனி நடத்துவது என்றால் வெறும் டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை. ஒரு என்ஜின் கரடுமுரடான ரோட்டில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, தினமும் ஓட வேண்டும். ஷெட்டில் நன்றாக ஓடுகிற என்ஜினை வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. லோடில் ஓட வேண்டும். இந்த உண்மை அவருக்குப் பொள்ளாச்சி ரோட்டில் தினமும் பாடமாகியிருக்கும்.

பணம் வந்ததும் வெளிநாடுகளுக்குப் போனார். ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். கையில் எப்போதும் கேமரா. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர் அவர். ஆனால் அவர் அதிகமாகச் சுற்றியது தொழிற்சாலைகளைத்தான். பார்த்த பொருளையெல்லாம் வாங்கி வந்தார். எதற்கு? வேறு எதற்கு, பிரித்துப் பார்க்கத்தான்.

உள்ளங்கையில் ஒரு மோட்டார்

இப்போது நம் கதைக்கு நெருங்கிய இடம் வருகிறது. நாயுடு ஒரு மின்சார ஷேவிங் ரேசர் உருவாக்கினார். ரஸான்ட் என்று பெயர். உள்ளே ஒரு குட்டி மோட்டார். டார்ச் லைட்டில் போடுவது மாதிரி உலர் பேட்டரியில் ஓடும். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எங்கள் கார் மோட்டாருக்கு இது பெரியப்பா மகன் ஆயிற்றே!

யோசித்துப் பாருங்கள். சுவரில் பிளக் மாட்டி ஓடுகிற மோட்டார் கொஞ்சம் கரண்டை வீணாக்கினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டாருக்கு அந்தச் சலுகை கிடையாது. சும்மா சுழல்வதற்கே அதிகம் குடித்தால் செல் தீர்ந்து போகும். தாடியில் பட்டதும் வேகம் விழுந்தால் முடியைப் பிடுங்கும், முகத்துக்குச் சொந்தக்காரர் கத்துவார். வேகம், இழுவை, கரண்ட், சூடு நான்கையும் ஒன்றுக்கொன்று தட்டாமல் நிறுத்த வேண்டும். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பை நிறுத்திய ஒருவர், கணக்குத் தெரியாமலா இதைச் செய்திருப்பார்? கணக்கை அவர் கரும்பலகையில் படிக்கவில்லை, பொருளில் படித்தார்.

அடுத்தது 1937. அதற்கு முன்னால் கோவை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அதன் அருமை தெரியும். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மலையிலிருந்து கரண்ட் சமவெளிக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. கமலை கட்டி இறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்பு வைக்க முடியும் என்ற நிலை வந்தது. ஆனால் மோட்டார்? அது கப்பலில் வந்தது.

பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் ஒரு மின்மோட்டார் உருவானது. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு விஷயத்தை இங்கே மறைக்கக் கூடாது. அந்த மோட்டாருக்குப் பின்னால் இருந்த மூளை டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். ஜி.டி. நாயுடு பட்டறையையும் துணிச்சலையும் கொடுத்தார், பாலசுந்தரம் அறிவையும் கையையும் கொடுத்தார். நம் ப்ராஜெக்ட் குரூப்பில் நாலு பேர் பெயர் போட்டு ஒருவன் வேலை பார்ப்பது மாதிரி இல்லை இது!

ஒரு மோட்டாரை முதன்முதலாகச் செய்வது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்கள், நம் மெஷின்ஸ் பாடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தகடு தகடாக வெட்டி அடுக்கிய ஸ்டேட்டர். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்சுலேஷன் வைத்து இறக்கிய காயில். நடுவில் சுழலும் ரோட்டர். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் ரோட்டர் உரசும். தகடு சரியில்லை என்றால் இரும்பே சூடாகும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நாலு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டர் லோடில் 1440 சுற்றினால் ஸ்லிப் 4 சதவீதம், கணக்கு சரி. லோடு போட்டதும் 1300-க்கு விழுந்தால்? எங்கோ தப்பு. தப்பு எங்கே என்று அளக்காமல் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பீளமேட்டுப் பட்டறைகளின் வழி வந்தவைதான் இன்று கோவையை மோட்டார், பம்புகளின் ஊர் ஆக்கியிருக்கின்றன. மாமா கடைக்கு வரும் மோட்டார்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், முக்கால்வாசி கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும். வானம் பார்த்த திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மேலே வருவது அந்த ஊர்க் கைவேலையால்தான்.

இரண்டு வருஷம் போதும்

நாயுடு ஒன்றோடு நிற்கவில்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், மெல்லிய சவர பிளேடு என்று பட்டியல் நீளும். விவசாயத்திலும் பருத்தி, பப்பாளி என்று சோதனை செய்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசாங்கம் லைசென்ஸ் தர மறுத்துவிட்டது. கார் தெருவுக்கு வரவில்லை. ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்!

ஆனால் நமக்கு முக்கியமானது 1945. அந்த வருஷம் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளிக்கூடம் பிடிக்காத பையன் அங்கே பிரின்சிபால்!

பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? நாலு வருஷப் படிப்பு என்பது மாணவனின் காலத்தை வீணாக்குவது, இதே பாடத்தை இரண்டு வருஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வந்துவிட்டார்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. மூன்று வருஷம் என்பதை ஒன்றரை ஆக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்புறம் கொஞ்சம் யோசித்தேன். யோசித்த பிறகு விசில் வரவில்லை.

ஒரு வாக்குமூலம்

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் டி.சி. மோட்டாரில் லோடு டெஸ்ட் என்று ஒரு பரிசோதனை வரும். பிரேக் டிரம்மைச் சுற்றி பெல்ட், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் தராசு. பெல்ட்டை இறுக்க இறுக்க மோட்டாருக்கு லோடு ஏறும். ஒவ்வொரு முறையும் வோல்ட், ஆம்பியர், வேகம், இரண்டு தராசு ரீடிங் எழுத வேண்டும். எங்கள் பேட்ச் அன்று என்ன செய்தது தெரியுமா? ரெண்டு ரீடிங் எடுத்தோம். மீதியை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து இறக்கிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டோம். கிராஃப் மட்டும் அழகாக வந்தது. வராமல் என்ன செய்யும்? மூன்று பேட்சாக வருகிற கிராஃப் அல்லவா!

பந்தயத்தில் எரிந்தது மோட்டார் இல்லை நண்பர்களே, அந்தக் காப்பி அடித்த ரீடிங்தான்.

நாயுடு பார்வையில் நாலு வருஷப் படிப்பில் இரண்டு வருஷம் வீண். நம் மூன்று வருஷத்தில் நாம் கையால் தொட்டு அளந்த நாட்களை மட்டும் கூட்டினால் எவ்வளவு தேறும்? அரசாங்கத்தைக் குறை சொல்லலாம், சிலபஸைக் குறை சொல்லலாம். அவர் அப்படிச் சொல்லும் தகுதியைப் பிரித்துப் பிரித்துச் சம்பாதித்தவர். நாம்?

மாமாவிடம் போய் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து மோட்டாரை எடுத்தார். காயில் கட்டி முடித்திருந்தார்! நான் பஸ் ஏறிய அன்றைக்கே கட்டிவிட்டாராம்.

நூலும் தராசும்

ரூம்மேட்டைக் கூப்பிட்டேன். பெட்டி இன்னும் கட்டின கட்டில்தான் இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம் வா என்றேன். எங்கள் லேப் உதவியாளர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். மோட்டாரை வைஸில் பிடித்தோம். முதலில் 3 வோல்ட் கொடுத்து, லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். புது பிரஷ் கம்யூட்டேட்டர் வளைவுக்குத் தேய்ந்து படிய வேண்டும் அல்லவா? படியாத பிரஷ் ஓரத்தில் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும்.

பிறகு 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள குட்டி கப்பி ஒன்றை மாட்டி, கெட்டி நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் சின்ன ஸ்பிரிங் தராசு. அதே லோடு டெஸ்ட்தான், பொம்மை அளவில். ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் நூல் கருகிவிடும். அதற்குள் ஒருவன் ஆம்பியர், ஒருவன் டேக்கோமீட்டர், ஒருவன் தராசு, ஒருவன் நோட்டு. நாலு பேருக்கும் வேலை இருந்த முதல் ப்ராக்டிகல் அதுதான்.

டைமிங் நடுவில் இருக்கும்போது, 7.2 வோல்ட்டில் லோடு இல்லாமல் 2 ஆம்பியர், 22,000 சுற்று. நூலை இறுக்கினோம். தராசு வித்தியாசம் 400 கிராம் வந்தபோது 15 ஆம்பியர், 17,000 சுற்று. உள்ளே போனது 108 வாட். கணக்குப் போட்டால் வெளியே வந்தது சுமார் 70 வாட். மீதி 38 வாட் சூடு.

அடுத்து, பந்தயத்தில் வைத்த மாதிரியே டைமிங்கை முழுக்கத் திருப்பினோம். லோடு இல்லாமல் 26,000 சுற்று, அந்த வீல் சத்தம். ஆனால் சும்மா சுழலவே 4 ஆம்பியர். அதே 400 கிராம் இழுவைக்கு 20 ஆம்பியர், வேகம் 19,500. உள்ளே 144 வாட், வெளியே 80 வாட், சூடு 64 வாட்.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ரூம்மேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான். 10 வாட் கூடுதலாக வாங்க 26 வாட் சூடு கூடக் கொடுத்திருக்கிறோமே என்றான். வகுப்பில் எஃபிஷியன்சி பார்முலாவை மனப்பாடம் செய்தும் மறந்தவன் சொன்னது இது. அன்று எங்களுக்குக் கிடைத்த கோப்பை அதுதான்.

பிறகு நடந்ததை அவனே பார்த்துக் கொண்டான். டைமிங்கைக் கொஞ்சமாக மட்டும் வைத்தான். மோட்டார் பினியனில் இரண்டு பல் குறைவான சக்கரம் மாட்டினான். நேர்ப்பாதையில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், வளைவிலிருந்து கிளம்பும்போது மோட்டார் திணறாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மோட்டார் சூட்டை அளந்து எழுதினான். அந்த நோட்டில் ஒரு ரீடிங்கூட இறக்கியது கிடையாது.

இந்த வருஷம் அதே பந்தயத்துக்குப் போனோம். ஐந்து நிமிஷ ஓட்டம், எட்டுக் கார்கள். நாங்கள் நான்காவது. கோப்பை இல்லை. ஆனால் மூன்று கார்கள் நடுவிலேயே நின்றன, எங்களுடையது நிற்கவில்லை. ஓடி முடித்த மோட்டாரைக் கையால் பிடிக்க முடிந்தது. ஜெயித்த அணியிலிருந்து ஒரு பையன் வந்து எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்தான். எந்தக் கல்லூரி என்று கேட்டான். சொன்னோம். இந்த நூல் பிரேக்கை எப்படிச் செய்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

ரூம்மேட் ஊருக்குப் போகவில்லை. நாலு அரியரில் மூன்றைத் தூக்கிவிட்டான். நாலாவது கணக்குப் பாடம். அதற்கும் லோடு போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஒற்றை பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்தவரின் பெயரில் இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் போகின்றன. பாலத்தில் பெயர் வைப்பது அரசாங்கத்தின் வேலை. நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை லேபில் பெல்ட்டை இறுக்கும்போது, கேன்டீன் பக்கம் பார்க்காமல் தராசைப் பார்ப்போம்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. என் ரெக்கார்டு நோட்டு வேண்டும் என்று இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். மன்னிக்கவும், தரமாட்டேன். நூலும் தராசும் வேண்டுமானால் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் ரூமுக்கு வந்து வாங்கிக் கொள்ளுங்கள்.